பேனா பிடியா, கத்திப் பிடியா?

முப்பத்தோராவது சுற்றின் மூன்றாவது மூலையில் வியாகுலமேரியின் கையிலிருந்து குரோஷா ஊசி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி கண்ணிக்குள் ஊசியை நுழைக்கப் போனபோது வலது கட்டைவிரலின் அடியில் சுளீரென்று ஒரு வலி இழுத்தது. கையை உதறினாள், தைலம் தேய்த்தாள், அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாள். மறுநாள் ஊசியை எடுத்த பத்தாவது நிமிடமே அதே வலி, அதே இடத்தில்.

அவள் ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வயது நாற்பத்தாறு. முழு ஆண்டு விடுமுறை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இந்த விடுமுறைக்குள் போர்வையை முடித்துவிட வேண்டுமென்று நினைத்திருந்தாள். நடுவில் சின்ன வளையமாகத் தொடங்கி நாலு பக்கமும் சுற்றுச் சுற்றாக விரிந்துகொண்டே போகிற வெள்ளைச் சதுரப் போர்வை. அவள் தங்கை ஜாஸ்பினுக்கு ஆகஸ்டில் பிரசவம். சிங்கப்பூரில் கணவனோடு இருக்கிற ஜாஸ்பின், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, இரண்டு முறை கலைந்த பிறகு உண்டாகியிருந்தாள். மே மாதக் கடைசியில் ஊருக்கு வந்து, இங்கேயே பெற்று, ஆவூர்க் கோயிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவதாக ஏற்பாடு. அந்த ஞானஸ்நானத்துக்குத்தான் போர்வை.

மாத்தூர் டாக்டரம்மா கட்டைவிரலை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தார். என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். வியாகுலமேரி பையிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினாள். கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் வாங்கிய அலுமினிய ஊசி.

"இது ஈர்க்குச்சி மாதிரி இருக்கு டீச்சர். இதைக் கெட்டியாப் பிடிச்சாத்தானே நிக்கும்? கைக்கு இதமா, தடிமனான கைப்பிடி வச்சது ஒண்ணு வாங்கிக்கங்க. விட்டு விட்டுப் போடுங்க. சரியாயிரும்."

ஊசிதானே, ஒன்று வாங்கிக்கொண்டால் போயிற்று என்று அவள் நினைத்தாள்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு அன்றைக்கே ஜாஸ்பின் வாட்ஸப்பில் குரல் அனுப்பினாள். "அக்கா, அதுக்குன்னே எர்கனாமிக் ஊசின்னு, கைக்கு ஏத்த பிடி வச்சு விக்கிறாங்க. லிங்க் அனுப்பிருக்கேன் பாரு. ஒன் ஊசி எத்தன மில்லிமீட்டரு?"

வியாகுலமேரி ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் படும் இடத்தில் ஏதோ ஓர் எண் பொறித்திருந்தது நினைவிருக்கிறது. இப்போது அங்கே ஒன்றுமில்லை, மழமழவென்று இருந்தது. அவள் கணவர் லியோ புதுக்கோட்டையில் ஒரு பல் லேபில் பல் செட்டு செய்கிறவர். அவர் வேலைக்கு வைத்திருக்கும் தடிமன் அளக்கிற காலிப்பரைக் கொண்டுவந்து ஊசியைக் கவ்விப் பார்த்தார்.

"தலைகிட்ட மூணே முக்கால் காட்டுது. கொஞ்சம் கீழ மூணரை. தேஞ்சுபோயிருக்கு மேரி."

"அப்ப எதைன்னு வாங்குறது?"

"நடுவுல எதாச்சும் இருக்கான்னு பாரு."

நடுவில் என்னென்னவோ இருந்தன. ஒரே ஊசிக்கு அமெரிக்காவில் ஓர் எழுத்து, இங்கிலாந்தில் ஓர் எண், ஜப்பானில் சாய்கோடு போட்ட இன்னோர் எண். கைப்பிடியிலோ ரப்பர், மரம், மூங்கில், களிமண், இருட்டில் விளக்கு எரிகிற ஒன்று. வாங்கியவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஒருத்தி, என் வலி பறந்தே போய்விட்டது என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். அடுத்தவள் அதே ஊசியால் தன் மணிக்கட்டே போய்விட்டது என்றாள். மூன்றாவது ஆள், பெட்டி அழகாக இருந்தது என்று மட்டும் எழுதியிருந்தாள். வியாகுலமேரிக்குத் தலை சுற்றியது. கடைசியில் சாம்பல் நிற ரப்பர் கைப்பிடி போட்ட மூன்றரை மில்லிமீட்டர் ஊசி ஒன்றை வரவழைத்தாள். கட்டைவிரல் வைக்க அதில் ஒரு குழி இருந்தது. குழி இருந்தால் விரல் எங்கே போவது என்ற சந்தேகம் வராது பார், என்று லியோவிடம் சொன்னாள்.

பார்சல் வந்தது. முதல் ஐந்து நிமிடம் சொர்க்கமாக இருந்தது. கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. அரைமணி நேரத்தில் வலி கட்டைவிரலை விட்டு மணிக்கட்டுக்குப் போயிருந்தது. சுண்டுவிரல் மரத்தது. போட்ட கண்ணிகள் வேறு ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தன. ஊசி மோசமா, தன் கை மோசமா என்று தெரியாமல் பிரித்துவிட்டுப் பழைய ஊசியை எடுத்தாள். கட்டைவிரல் வலித்தது. புதியதை எடுத்தாள். மணிக்கட்டு வலித்தது.

அவளோடு வேலை பார்க்கிற செல்வராணி டீச்சரின் கைப்பையில் மஞ்சள் நூலில் பின்னிய யானைக்குட்டி ஒன்று தொங்கும். அதைப் போட்டுக் கொடுத்தவள் கந்தர்வக்கோட்டையில் இருக்கிற கார்முகில் என்ற பெண். நாள் முழுக்க பொம்மை பின்னி ஊர் ஊராக அனுப்புகிறவள். அவளுக்குத் தெரியாத ஊசியா என்று செல்வராணி நம்பர் கொடுத்தாள். புதுக்கோட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை வியாகுலமேரி கந்தர்வக்கோட்டையில் இறங்கினாள்.

வீடு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. பழம் உதிர்ந்து கிடந்த வாசனை வாசல்வரை வந்தது. கார்முகிலுக்கு முப்பது வயதுதான் இருக்கும். மோர் கொடுத்துவிட்டு, ஒரு சம்படத்தைத் திறந்து துண்டின் மேல் கவிழ்த்தாள். பதினோரு ஊசிகள் உருண்டன.

"இம்புட்டுமா ஒனக்கு?"

"ஒவ்வொண்ணும் இதுதான் கடைசின்னு நெனச்சு வாங்குனதுக்கா." கார்முகில் சிரித்தாள். "பேனா பிடிங்களா, கத்திப் பிடிங்களா நீங்க?"

"அப்படின்னா?"

"ஊசியை எப்படிப் பிடிப்பீங்கன்னு கேக்குறேன். பேனா பிடிச்சு எழுதுறப்ப அடிப்பக்கம் கைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அப்படியா? இல்ல காய் நறுக்குற கத்தி மாதிரி உள்ளங்கைக்குள்ள போயிருமா? அதுக்கேத்த மாதிரிதான் கைப்பிடி எடுக்கணும். பேனா பிடிக்காரங்களுக்குக் கட்டையா, கனமில்லாம இருக்கணும். கத்திப் பிடின்னா நீளமா, உள்ளங்கை வரைக்கும் வரணும்."

வியாகுலமேரி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் விரல்களைப் பிடித்துப் பென்சிலில் வைத்தவள் அவள். எந்தப் பிள்ளை எப்படிப் பிடிக்கும் என்று வகுப்பு வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். தன் கை எப்படிப் பிடிக்கிறது என்று இதுவரை அவள் பார்த்ததே இல்லை.

"தெரியலையேம்மா."

"அதுக்கென்ன, ரெண்டு கண்ணி போட்டுக் காட்டுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

பையிலிருந்து தன் பழைய ஊசியையும் நூலையும் எடுத்தாள். கை காற்றில் நின்றது. ஊசியைப் பேனாவைப் போலப் பிடித்தாள். இல்லை, இப்படி இல்லை. கத்தியைப் போலப் பிடித்தாள். அதுவும் இல்லை. இடது கையில் நூலைச் சுற்றினாள். எந்த விரலில் சுற்றுவது வழக்கம்? ஆள்காட்டி விரலிலா, நடுவிரலிலா? ஒரு கண்ணியை எடுத்தாள். ஊசி நூலைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு போனது.

"பாக்காமப் போடுங்கக்கா."

அவள் தோப்புப் பக்கம் பார்த்தபடி போட்டாள். இன்னும் மோசமாக வந்தது. நெற்றி வியர்த்துவிட்டது. பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்றுகூட அவள் இப்படித் தடுமாறியதில்லை.

கார்முகில் பரிதாபப்பட்டு இன்னும் சில விஷயங்களைச் சொன்னாள். ஊசியின் தலையிலேயே இரண்டு வகை உண்டு, ஒன்றில் வெட்டு ஆழமாக இருக்கும், மற்றதில் கழுத்து ஒடுங்கி உருண்டையாக இருக்கும் என்றாள். சிலருக்கு வலி ஊசியால் வராது, இடது கையில் நூலை இறுக்கிப் பிடிப்பதால் வரும் என்றாள். ஒவ்வொன்றும் வியாகுலமேரிக்குப் புரிந்தது. எல்லாம் சேர்ந்தபோது ஒன்றும் புரியவில்லை.

"ஒனக்கு இதுல எது ஒத்துக்கிச்சு?" என்று கேட்டாள்.

கார்முகில் பதினோரு ஊசிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காலையில இது," என்று ஒன்றைத் தொட்டாள். "மத்தியானத்துக்கு மேல இது. யானைக்குத் தும்பிக்கை போடுறப்ப மட்டும் இது. சத்தியமா ஏன்னு எனக்குத் தெரியாதுக்கா."

கிளம்பும்போது நாலு ஊசிகளை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். "கொண்டு போயி வீட்டுல வச்சுப் போட்டுப் பாருங்க. ஒரு ஊசிக்கு அரைமணி நேரமாச்சும் குடுங்க. அஞ்சு நிமிசத்துல எல்லா ஊசியும் நல்ல ஊசியாத்தான் தெரியும்."

நாலையும் போட்டுப் பார்க்க வியாகுலமேரிக்கு ஆசைதான். போட்டால்தானே பார்க்க முடியும்? சனிக்கிழமை உட்கார்ந்தாள், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தாள், வரவில்லை. ஊசியைக் கையில் எடுத்த உடனே கண் கைக்குப் போனது. கண் போன உடனே கை நின்றது. போகப் போக அது மற்ற வேலைகளிலும் தொற்றிக்கொண்டது. குழம்பைக் கிண்டும்போது கரண்டியை எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தாள். பல் துலக்கும்போது பார்த்தாள். மே மாதம் மாதாவுக்குரிய மாதம் என்பதால் மாலையில் மாதா கெபியில், சிலை வைத்த கல் குகையின் முன்னால், ஜெபமாலை சொல்வார்கள். மணியை உருட்டுவது கட்டைவிரலா ஆள்காட்டி விரலா என்று கவனிக்கப் போய், எத்தனையாவது மணி என்பது தவறிப்போனது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த எதிர்வீட்டுச் சந்தனமேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் லியோ வேலை முடிந்து வந்தபோது, அவள் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன மேரி, ரொம்ப வலிக்குதா?"

"வலிச்சாக்கூடத் தேவலைங்க. எனக்குப் போடவே வரல. மறந்துபோச்சு."

"மறக்குறதா? போர்வைல பாதி போட்டவ நீதானே?"

"அது யாரு போட்டதுன்னே தெரியல. அந்தப் பொண்ணு எப்படிப் பிடிப்பீங்கன்னு கேட்டா. அதுலேர்ந்து கையே என் கை மாதிரி இல்ல."

லியோ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். சிரிப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்ககிட்ட தெனம் நடக்குறதுதான் இது. பல்லு அளவு எடுக்குறப்ப, ஐயா நல்லாக் கடிங்கன்னு சொன்னாப் போதும். அறுவது வருசமாக் கடிச்ச மனுசன் எப்படிக் கடிக்கிறதுன்னு மறந்துருவாரு. தாடையை முன்னால நீட்டுவாரு, ஒரு பக்கமாக் கோணுவாரு. அந்தக் கடிய வச்சு செட்டு பண்ணுனா வாயில நிக்காது. அதனால எங்க டாக்டரு கடிங்கன்னே சொல்ல மாட்டாரு. ஊர்ல மழை உண்டா, மாடு கன்னு போட்டுச்சான்னு பேச்சுக் குடுப்பாரு. பேசி முடிச்சுட்டு அவரா வாயை மூடுவாருல்ல, அதுதான் நெசக் கடி."

"என் கையி என்ன பல்லா?"

"இரு, நாளைக்கு லேபுலேர்ந்து ஒண்ணு கொண்டாரேன்."

மறுநாள் லேபிலிருந்து ரோஸ் நிற மெழுகுத் தகடுகள் இரண்டைக் கொண்டுவந்தார். பல் செட்டின் ஈறைச் செய்கிற மெழுகு. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்கி, பழைய ஊசியின் நடுப்பகுதியில் சுற்றி, சுருட்டு கனத்துக்கு உருட்டிக் கொடுத்தார். இளகலாகவே இருக்கும்படி பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணமும் வைத்துக்கொண்டார். பிறகு அவளுடைய போனை எடுத்து ஜாஸ்பினைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அவள் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஜாஸ்பின் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். கால் வீங்கியிருக்கிறது, எந்தச் செருப்பும் நுழையவில்லை என்றாள். விமானத்தில் ஓரத்துச் சீட்டுக் கிடைத்திருக்கிறது என்றாள். மாங்காய் ஊறுகாயை இப்போதே போட்டு வைக்கச் சொன்னாள். வியாகுலமேரி ஊம் கொட்டினாள், திட்டினாள், சிரித்தாள். மடியில் போர்வை கிடந்தது.

"அக்கா, நேத்து ஸ்கேன் எடுத்தோம்."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்காம். வளர்த்தி, தண்ணி எல்லாம்." ஜாஸ்பின் குரலைத் தாழ்த்தினாள். "போன தடவையும் நல்லா இருக்குன்னுதான்க்கா சொன்னாங்க."

போன தடவை வியாகுலமேரி பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னினாள். இரண்டே நாளில் முடித்து, உள்ளங்கையில் கவிழ்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. அந்தத் தொப்பியைப் பற்றி அதன்பிறகு அக்காவும் பேசவில்லை, தங்கையும் பேசவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"போர்வையை மெதுவாவே போடு. ஊசி லிங்கெல்லாம் நாந்தான் அனுப்புனேன், இருந்தாலும் அவசரப்படாத. முடிஞ்சிருச்சுன்னு போட்டோ மட்டும் அனுப்பிறாதக்கா. கொழந்த வந்தப்புறம் முடிஞ்சாப் போதும்."

"சரி."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடி. நீ கால மேல தூக்கி வச்சுப் படு."

போனை வைத்த பிறகுதான் அவள் மடியைப் பார்த்தாள். முப்பத்தோராவது சுற்று முடிந்து, அடுத்த சுற்றில் ஒரு பக்கமும் முடிந்திருந்தது. ஒழுங்கான, பழைய கண்ணிகள். எப்போது போட்டாள் என்றே தெரியவில்லை.

லியோ ஊசியை வாங்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கி மெழுகை இறுக வைத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லேபில் பல்லைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க, பேனாவா கத்தியா?"

"இரு." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "கட்டைவிரல் தடம் ஒண்ணு இங்கிட்டு இருக்கு, ஒண்ணு அங்கிட்டு இருக்கு, இன்னொண்ணு அடியில இருக்கு. உள்ளங்கை பட்ட தடமும் இருக்கு, படாத மாதிரியும் இருக்கு. கொஞ்ச நேரம் பேனா, கொஞ்ச நேரம் கத்தி, மிச்ச நேரம் என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நீ ஊசிய உருட்டிக்கிட்டே போற மேரி."

"அதான் அந்தக் குழி வச்சது ஒத்துக்கலயா?"

"அப்படித்தான் இருக்கும். ஓடுற விரலைப் பிடிச்சு ஒரு குழியில உக்கார வச்சா?"

பிறகு ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே மெழுகு பிதுங்கி, அலுமினியம் பளிச்சென்று வெளியே தெரிந்தது.

"இந்த எடம் எப்ப ஆச்சு தெரியுமா? பேச்சு ஸ்கேனுக்குப் போனப்ப. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊசிய ஒடிச்சுருவியோன்னு பயமா இருந்துச்சு."

வியாகுலமேரி அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. அப்படியென்றால் வலி ஊசியால் வந்ததா, ஊசியை அமுக்கியதால் வந்ததா, எதை நினைத்து அமுக்கினாளோ அதனால் வந்ததா?

"அப்ப நான் எந்த ஊசிதான் எடுக்குறது?"

"எனக்குப் பல்லுதான் தெரியும்," என்றார் லியோ.

அடுத்த நாலு நாளும் கார்முகில் சொன்னபடி ஒவ்வோர் ஊசிக்கும் அரைமணி நேரம் கொடுத்தாள். கையைப் பார்க்காமலிருக்க, அந்த நேரத்துக்கெல்லாம் யாருக்காவது போன் போட்டாள். செல்வராணி டீச்சர், மணமேல்குடியில் இருக்கிற நாத்தனார், ஒருநாள் யாரும் எடுக்காமல் கேஸ் ஏஜென்சி. களிமண் கைப்பிடி அழகாக இருந்தது, ஆனால் பிடி கனத்துக் கையைக் கீழே இழுத்தது. மூங்கில் ஊசியில் நூல் வழுக்காமல் சிக்கியது. மூன்றாவதில் ரப்பர் வியர்வையில் பிசுபிசுத்தது. நாலாவது வெறும் மரக் கைப்பிடி. குழியும் இல்லை, வளைவும் இல்லை. பெருவிரல் கனத்துக்கு உருண்டையாக ஒரு கட்டை, முனையில் கொக்கி. மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தால் பாதி வேலையில் விட்டுவிட்டதுபோல் இருக்கும். அதில் விரல் இஷ்டத்துக்கு ஓடியது. அரைமணி முடிந்து கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வலி இல்லை என்று சொல்ல முடியாது. எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இதுதான் என்று முடிவு செய்துவிட்டாள். அப்புறம்தான் மடியிலிருந்த போர்வையைக் கவனித்தாள். அந்த மர ஊசி நாலு மில்லிமீட்டர். புதிதாகப் போட்ட சுற்று பெரிய கண்ணிகளாக விழுந்து, போர்வையின் ஓரம் பாவாடைக் கொசுவம்போல் அலை அலையாக எழும்பி நின்றது. கார்முகிலுக்குப் போன் போட்டாள்.

"இதே கைப்பிடியில மூணரை இருக்காம்மா?"

"இல்லக்கா. அந்தக் கைப்பிடியில அது ஒண்ணுதான் எனக்குக் கெடச்சது. இப்ப அது வாரதில்ல. அதை நீங்களே வச்சுக்கங்க. நூலு நல்ல தடிமனாத்தானே இருக்கு? நாலு அதுக்குச் சரியாத்தான் வரும்."

"அப்ப முன்னாடி போட்டது?"

கார்முகில் தயங்கினாள். "அது ஒங்க இஷ்டம்க்கா."

வியாகுலமேரி ஒரு மணி நேரம் யோசித்தாள். பழைய ஊசியிலேயே முடித்துவிடலாம், வலியோடு. புது ஊசியில் தொடரலாம், கொசுவத்தோடு. இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. சாயங்காலம் லியோ வந்ததும், ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர் கையில் நூல் முனையைக் கொடுத்தாள். அவள் பிரிக்கப் பிரிக்க அவர் நாற்காலியின் முதுகில் சுற்றினார். போட்ட சுற்றெல்லாம் மளமளவென்று அவிழ்ந்து போயின. நடுவில் இருந்த சின்ன வளையமும் கடைசியில் ஒரு சொடுக்கில் அவிழ்ந்தது.

"வருத்தமா இருக்கா?" என்று லியோ கேட்டார்.

இல்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊசிக்காகப் பிரித்தாளா, மெதுவாகப் போடு என்று தங்கை சொன்னதற்காகப் பிரித்தாளா என்று நாற்காலியில் சுற்றிக் கிடந்த நூலைப் பார்த்தபடி நின்றாள். தெரியவில்லை.

ஜாஸ்பின் மே மாதக் கடைசியில் வந்தாள். பள்ளிக்கூடம் திறந்தது. வியாகுலமேரி சாயங்காலத்தில் அரைமணி போடுவாள், நிறுத்துவாள். சில நாள் வலித்தது, சில நாள் வலிக்கவில்லை. எந்த நாள் ஏன் வலிக்கிறது என்று முதலில் ஒரு தாளில் குறித்து வைத்தாள். மழை, மாவு பிசைந்தது, டாக்டரிடம் போய்வந்தது என்று என்னென்னவோ எழுதினாள். எதோடும் எதுவும் ஒத்துவரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டாள். ஜாஸ்பின் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் தின்பாளே தவிர, போர்வையைத் தொட மாட்டாள், எத்தனை சுற்று ஆயிற்று என்று கேட்க மாட்டாள்.

ஆகஸ்டில், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்தது. அழுத சத்தம் கதவுக்கு வெளியே கேட்டதும் வியாகுலமேரி லியோவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெழுகாக இருந்தால் ஐந்து விரலும் பதிந்திருக்கும் என்று அவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்குப் போர்வையில் பத்தொன்பது சுற்று இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். போர்வை முடிந்துவிட்டது, ஓர் ஓரத்தின் கரை மட்டும் பாக்கி. அதையும் முந்தின நாள் போட்டுவிடலாம் என்றிருந்தாள், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, போர்வையில் சுற்றி ஜாஸ்பின் மடியில் வைத்தபோது பூசைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. குழந்தை தூங்கிவிட்டது.

"எடுத்துறாதக்கா, முழிச்சுக்கும்," என்றாள் ஜாஸ்பின். "அப்படியே போடு."

வியாகுலமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கையின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். குழந்தையின் மேல் கிடந்த போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி, மர ஊசியை நுழைத்தாள். இழுத்தால் குழந்தை அசையும். அதனால் நூலை இழுக்காமல், வழிய விட்டு விட்டுப் போட்டாள். குழந்தையின் மூச்சில் போர்வை ஏறி இறங்கியது. அது இறங்கும்போது ஊசியை நுழைத்தாள்.

"கை வலிக்குதாக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியலடி."

"தெரியலயா? வலிச்சாத் தெரியாதா?"

"வலிக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நீ பேசாம இரு, கண்ணி தவறுது."

வெளியில் லியோ பைக்கைக் கிளப்பிவிட்டு, சாமியார் வந்துட்டாராம், சீக்கிரம் வாங்க என்று குரல் கொடுத்தார். அவள் கடைசிக் கண்ணியைப் போட்டு, முடிச்சை இறுக்கி, நூலை நறுக்கினாள். முனையைப் பின்னலுக்குள் செருகி மறைக்க நேரமில்லை. குழந்தை கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்தது. அக்காளும் தங்கையும் எழுந்து, குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, கோயிலைப் பார்த்து வேகமாக நடந்தார்கள்.